பரிசாக விழுந்த களிம்பு

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் இருவருக்கும்,

ஒப்படைப்புக் கோப்பில் பதினெட்டு உருப்படிகள் இருக்கின்றன. மருந்துக் குளிர்பெட்டியின் வெப்பநிலையை யார் எப்போது குறிக்க வேண்டும், எந்த அலமாரிச் சாவி எந்தக் கொக்கியில் தொங்குகிறது, பிரிண்டர் மக்கர் பண்ணினால் எந்தப் பக்கம் தட்ட வேண்டும் என்பது வரை எழுதிவிட்டேன். பத்தொன்பதாவதாக ஒன்றை எழுத உட்கார்ந்தேன். அது கோப்பில் அடங்கவில்லை. அதனால் தனியாக இது.

முப்பத்தொரு வயதில் "என் அனுபவத்தில்" என்று ஆரம்பிப்பது கொஞ்சம் அதிகம்தான். ஆனால் புதுக்கோட்டையில் மருந்துப் பரிசோதனை ஒருங்கிணைப்பாளர் வேலையில் ஆறு வருஷம் தாக்குப்பிடித்தவர்களை எண்ணினால், எனக்குத் தெரிந்து நான் ஒருத்திதான். அந்தத் தகுதியில் பேசுகிறேன். நான் படித்தது பார்மசி. ஆறு வருஷமும் என்னை எல்லோரும் நர்சம்மா என்றே கூப்பிட்டார்கள். முதல் வருஷம் திருத்தினேன். இரண்டாம் வருஷம் திரும்பிப் பார்க்க ஆரம்பித்தேன். நீங்கள் நேரடியாக இரண்டாம் வருஷத்திலிருந்தே தொடங்கலாம்.

நம் வேலை என்ன என்று வீட்டில் கேட்பார்கள். இப்படிச் சொல்லுங்கள்: ஒரு புது மருந்து வேலை செய்கிறதா என்று பார்க்கச் சிலருக்கு அதைக் கொடுப்போம். சிலருக்கு அதைப் போலவே தோற்றமளிக்கும், ஆனால் மருந்தில்லாத ஒன்றைக் கொடுப்போம். யாருக்கு எது போனது என்பது நோயாளிக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. கடைசியில்தான் பிரித்துப் பார்ப்போம். இதைச் சொன்னதும், "தெரியாமலேவா குடுக்குறீங்க?" என்று கேட்பார்கள். என் அம்மா பக்கத்து வீட்டில் "ஆஸ்பத்திரியில கம்ப்யூட்டர் வேலை" என்று சொல்லி முடித்துக்கொண்டார். அதுவும் ஒரு வழி.

நான் சொல்ல வந்தது சர்க்கரைக்காரர்களின் காலில் வரும் ஆறாத புண்ணுக்கான களிம்புப் பரிசோதனை. இரண்டு ட்யூப், ஒரே நிறம், ஒரே வாடை. இரண்டு பிரிவுக்கும் புண்ணைச் சுத்தம் செய்து கட்டுப்போடுவது உண்டு, சர்க்கரை மாத்திரையும் உண்டு. இத்தனைக்கும் ஆள் மட்டும் கிடைக்கவில்லை.

திங்கட்கிழமை தோறும் வீடியோ கூட்டம் நடக்கும். யார் எத்தனை பேரைச் சேர்த்தார்கள் என்று காட்டும் வரைபடத்தில் பெரிய நகரத்து ஆஸ்பத்திரிகளின் கோடுகள் மலையேறிக்கொண்டிருக்கும். நம்முடையது தரையில் படுத்திருக்கும். அதைப் பார்த்து நம் டாக்டர், "நம்ம கோடு செத்தவன் ஈசிஜி மாதிரி இருக்கேம்மா" என்பார். அவர் நல்ல அறுவை சிகிச்சை நிபுணர். ஆறுதல் சொல்வது மட்டும் அவர் துறை இல்லை.

நோட்டீஸ் ஒட்டாமல் இல்லை. திருவரங்குளம் பஸ் ஸ்டாப்பிலும் இலுப்பூர் மருந்துக் கடைகளிலும் ஒட்டினோம். அதன் வாசகம் இது: "நீரிழிவுப் பாதப் புண் உள்ள, தகுதி வரம்புகளுக்கு உட்பட்ட நபர்கள், ஓர் ஆய்வு மருந்தின் செயல்திறனை மதிப்பிடும் ஆய்வில் தன்னார்வமாகப் பங்கேற்க அழைக்கப்படுகிறார்கள். பிரிவு ஒதுக்கீடு கணினி வழியே தற்செயலாக நடைபெறும்." எழுதியது நான். நெறிமுறைக் குழு ஒரு கால்புள்ளி கூட மாற்றாமல் அனுமதித்தது. நோயாளிகளிடம் நாம் சொல்லப்போகும் ஒவ்வொரு வாக்கியத்தையும் முன்கூட்டியே படித்து, ஏமாற்று ஏதும் இல்லையா என்று பார்க்கும் குழு அது. ஏமாற்று இல்லைதான். மூன்று வாரத்தில் ஒரே ஒரு போன் வந்தது. பேசியவர், ஆய்வாளர் வேலைக்கு என்ன படித்திருக்க வேண்டும் என்று கேட்டார்.

அப்போதுதான் சின்னத்துரை அண்ணன் வந்தார். அவரை நீங்கள் பார்க்காவிட்டாலும் கேட்டிருப்பீர்கள். இரண்டு குழாய் கட்டிய ஆட்டோ. ஆடித் தள்ளுபடி, கண் சிகிச்சை முகாம், டுடோரியல் சேர்க்கை, பாத்திரக் கடைக் குலுக்கல், கண்ணீர் அஞ்சலி எல்லாம் ஒரே குரலில். ஆட்டோவில் அறிவித்துப் பார்க்கலாமா என்று டாக்டரிடம் கேட்டேன். "அவன் சொன்னா செத்தவனும் எந்திரிச்சு வருவான், பண்ணு" என்றார்.

நோட்டீஸைச் சின்னத்துரையிடம் கொடுத்தேன். ஒரு முறை வாய்க்குள் படித்துப் பார்த்தார்.

"மேடம், இத அப்படியே சொன்னா ரோட்டுல நிக்கிற மாடுகூடத் திரும்பாது."

"மக்களுக்குப் புரியற மாதிரி சொல்லிருங்கண்ணே" என்றேன்.

நான் செய்த தவறுகளுக்கு ஒரு பட்டியல் வைத்திருக்கிறேன். அதில் முதலிடம் இந்த நான்கு சொற்களுக்கு. ஒலிபரப்பும் வாசகத்துக்கும் குழுவின் அனுமதி வேண்டும் என்பது எனக்குத் தெரியும். நோட்டீஸுக்குத்தான் அனுமதி இருக்கிறதே, அதைத்தானே படிக்கப்போகிறார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவர் என்ன படிக்கப்போகிறார் என்று கேட்கவில்லை. வேலை இருந்தது. எப்போதும் ஏதாவது வேலை இருக்கும்.

நாலாம் நாள் காலை எட்டு மணிக்கு ஆஸ்பத்திரி வாசலில் செருப்பு விட இடமில்லை. இலுப்பூர் பக்கமிருந்து வேன் பிடித்து வந்திருந்தார்கள். அடுத்த திங்கட்கிழமை நம் கோடு செங்குத்தாக எழுந்து நின்றது. வீடியோவில் எல்லோரும் கைதட்டினார்கள். புதுக்கோட்டையில் என்ன உத்தி கையாண்டீர்கள் என்று கேட்டார்கள். "சமூகப் பங்கேற்பு" என்றேன். கூசாமல் சொன்னேன் என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

ஒவ்வொருவருக்கும் ஒரு பதிவேடு உண்டு. அதில் "எப்படி அறிந்தார்" என்று ஒரு கேள்வி. மூன்று கட்டங்கள்: டாக்டர் அனுப்பினார், நோட்டீஸ், மற்றவை. மற்றவையில் குறியிட்டால் பக்கத்தில் விளக்கம் எழுத வேண்டும். அரை அங்குல இடம். நான் எல்லோருக்கும் நோட்டீஸ் என்றே குறித்தேன். ஆட்டோவில் படிப்பதும் நோட்டீஸ்தானே.

ஏதோ சரியில்லை என்று காட்டிய அறிகுறிகள் மூன்று. மூன்றையும் நான் பார்த்தேன். ஒன்று, காத்திருப்புக் கூடத்துப் பேச்சு.

"ஒங்களுக்கு விழுந்துருச்சாக்கா?"

"போன செவ்வாக்கெழமையே விழுந்துருச்சு. எங்க தெருவுல எனக்கு மட்டுந்தேன்."

"கொடுத்து வச்சவுக. எங்க மச்சானுக்குச் சர்க்கர கம்மின்னு திருப்பி அனுப்பிப்புட்டாக. மனுசன் ரெண்டு நாளாச் சாப்பிடலை."

தேர்வானதை அப்படிச் சொல்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டேன். இரண்டு, ஒருவர் லட்டுப் பெட்டியோடு வந்தார். சர்க்கரைப் புண் பரிசோதனைக்கு லட்டு. பாசக்காரர்கள் என்று நினைத்து ஒன்றைச் சாப்பிட்டேன். மூன்று, வேறு ஆஸ்பத்திரியில் வைத்தியம் பார்த்தீர்களா என்று கேட்டால் கேள்வி முடியுமுன்பே இல்லை என்றார்கள். எல்லோரும், ஒரே வேகத்தில். புதுக்கோட்டை மாவட்டத்தில் நாலு டாக்டரிடம் காட்டாமல் ஐந்தாவது டாக்டரிடம் வருபவரை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா?

ஒப்புதல் படிவம் பதினோரு பக்கம். ஒரு வரி விடாமல் ஒவ்வொருவருக்கும் படித்துச் சொன்னேன். களிம்பில் மருந்து இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம் என்பது மூன்றாம் பக்கத்தில் வரும். தலையாட்டினார்கள். பரிசு விழுந்தவர்கள் நிபந்தனைகளுக்குத் தலையாட்டும் விதமாக என்பது பிற்பாடுதான் புரிந்தது.

அப்படித் தலையாட்டியவர்களில் ஒருவர் கருப்பையா. இலுப்பூர்க்காரர். சவுதியில் டிரைவராக இருந்து விடுமுறையில் வந்தவர், புண்ணால் திரும்பிப் போக முடியாமல் நின்றுவிட்டவர். வலது கால் பெருவிரலுக்கு அடியில் புண். நல்ல வாய். "ஒட்டகத்துக்கே வழி விடாத ஆளு நானு, ஒரு புண்ணுக்கு ஒதுங்கி நிக்கிறேன் பாருங்க" என்பார். வேறு வைத்தியம் பார்த்தீர்களா என்றதற்கு, "சத்தியமா இல்லீங்க" என்றார். கேட்காமலே சத்தியம் செய்கிறவரிடம் இரண்டாம் முறை கேளுங்கள். நான் கேட்கவில்லை.

நாலாவது வாரம் அவர் கட்டு மாற்ற வரவில்லை. போன் எடுக்கவில்லை. பங்கேற்பாளர் ஒருவர் வராமல் போனால் தேடிப் போவது நம் வேலை. இலுப்பூருக்குப் பஸ் ஏறினேன். இறங்கிய இடத்தில் டீக்கடை, கடையோரம் சின்னத்துரையின் ஆட்டோ. ஏதோ ஒரு துணிக்கடைக்குக் கத்திவிட்டுத் தொண்டைக்கு இஞ்சி டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"மேடம், ஒங்க விளம்பரந்தான் இந்த வருசத்துல நம்ம பெஸ்ட்டு. போன்லயே வச்சிருக்கேன், கேக்குறீங்களா?"

கேட்டேன். நான் அதை முதன்முறை கேட்டது அப்போதுதான்.

"அன்பார்ந்த இலுப்பூர் வாழ் பொதுமக்களே. சர்க்கரைப் புண்ணால் அவதிப்படுகிறீர்களா? கவலையை விடுங்கள். புதுக்கோட்டையில் ஒரு மாபெரும் வாய்ப்பு. கம்ப்யூட்டர் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுக்கப்படும் அதிர்ஷ்டசாலிகளுக்கு வெளிநாட்டுக் களிம்பு முற்றிலும் இலவசம். ஆபரேஷன் இல்லை. வலி இல்லை. வேறு எங்கும் வைத்தியம் பார்க்காதவர்களுக்கு முன்னுரிமை. முந்துங்கள், முந்துங்கள்."

அதிர்ஷ்டசாலிகள் வரை சிரித்துக்கொண்டிருந்தேன். ஆபரேஷன் இல்லை என்ற இடத்தில் சிரிப்பு நின்றது.

"வேற எங்கயும் வைத்தியம் பாக்காதவங்களுக்குன்னு நான் சொல்லவே இல்லையேண்ணே."

"நீங்க குடுத்த தாள்லயே தகுதி வரம்புன்னு இருந்துச்சு மேடம். வரம்புன்னா ஏதாச்சும் ஒண்ணு சொல்லணும்ல? ஃபிரிட்ஜ் குலுக்கலுக்கு ஏற்கெனவே பரிசு வாங்காதவங்களுக்கு முன்னுரிமைன்னு போடுவோம். அதக் கொஞ்சம் திருப்பிப் போட்டேன்." என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஏன் மேடம், கூட்டம் வரலையா?" என்றார்.

அவரைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கணினி தற்செயலாக ஆளைப் பிரிக்கும் என்ற வாக்கியத்தைப் புரிகிற மாதிரி சொல்லச் சொன்னால், அவருக்குத் தெரிந்த உலகத்தில் அது ஃபிரிட்ஜ் குலுக்கல்தான். டீ கூடக் குடிக்காமல் கருப்பையா வீட்டுக்கு நடந்தேன்.

அவர் மனைவி மீனாள் கதவைத் திறந்தார். கருப்பையா உள்ளே கட்டிலில் காலைத் தூக்கி வைத்து உட்கார்ந்திருந்தார். கட்டைத் தாண்டி வாடை வந்தது. காய்ச்சல் மூன்று நாளாக என்றார் மீனாள். அவராகவே பீரோவிலிருந்து ஒரு ஃபைலை எடுத்து வந்து என் மடியில் போட்டார்.

"எதுக்குடி அத எடுக்குற?" என்றார் கருப்பையா.

திருச்சியில் ஓர் ஆஸ்பத்திரியின் ஃபைல். பெருவிரலை எடுக்க வேண்டும் என்று எழுதி, நாளும் குறித்திருந்தார்கள். நம்மிடம் வந்து சேர்ந்த நாளுக்கு அடுத்த வாரம் அந்த நாள். இது தெரிந்திருந்தால் அவரை நாம் சேர்த்திருக்கவே முடியாது.

"பரிசுதான் விழுந்துருச்சே, பொறவு என்னத்துக்கு ஆபரேஷனு?" என்றார் கருப்பையா.

மீனாள் என்னிடம் தாழ்ந்த குரலில் சொன்னார். "விசா வந்து கெடக்கு நர்சம்மா. வெரல எடுத்துட்டா மெடிக்கல்ல கழிச்சுப்புடுவாகன்னு பயம். ஆபரேஷன் இல்லைன்னு ஆட்டோவுல சொன்ன அன்னைக்குத்தேன் இவுக முழுசாத் தூங்குனாக."

"அதெல்லாம் ஆறிரும். இன்னும் ரெண்டு ட்யூப்பு இருக்குல்ல" என்றார் அவர்.

"அண்ணே, அந்த ட்யூப்புல மருந்து இருக்கான்னே எனக்குத் தெரியாது."

அவர் சிரித்தார். "நல்லாப் பேசுறீங்க நர்சம்மா."

மீனாள் சிரிக்கவில்லை. "தெரியாதுன்னா? வெறுங் களிம்பா?"

"இருக்கலாம். மருந்தாவும் இருக்கலாம்."

"இத மொதல்லயே சொல்லக் கூடாதா?"

"சொன்னேனே. மூணாம் பக்கத்துல."

விதிப்படி பார்த்தால் குறை சொல்ல முடியாத பதில். நான் இதுவரை சொன்னதிலேயே மட்டமான வாக்கியமும் அதுதான். மீனாள் ஃபைலை என் மடியிலிருந்து எடுத்துக்கொண்டு, மாற்றுத் துணி எடுத்து வைக்க உள்ளே போனார். அங்கிருந்தே டாக்டருக்குப் போன் செய்து, வாடகைக் காரில் அவரைப் புதுக்கோட்டைக்குக் கொண்டு வந்தேன். வழியெல்லாம் கருப்பையா டிரைவருக்கு வண்டி ஓட்டச் சொல்லிக்கொடுத்துக்கொண்டே வந்தார். ஆஸ்பத்திரியில் டாக்டர் கட்டைப் பிரித்தார். அவரிடமிருந்து ஒரு கேலிப் பேச்சும் வரவில்லை. அதிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

மறுநாள் காலை அறுவை சிகிச்சை. திருச்சியில் ஒரு விரல் என்று எழுதியிருந்தார்கள். நம் டாக்டர் இரண்டு எடுக்க வேண்டியிருந்தது. இதைச் சுற்றிவளைத்துச் சொல்ல எனக்கு ஒரு வழியும் தெரியவில்லை.

பங்கேற்பாளர் ஒருவர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தால் இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் நாம் அறிக்கை அனுப்ப வேண்டும், காரணத்தோடு. மத்தியானம் டாக்டர் அறைக்குத் தாளோடு போனேன். கை கழுவிய ஈரத்தோடு உட்கார்ந்திருந்தார்.

"முந்தைய சிகிச்சை விவரத்தைப் பங்கேற்பாளர் தெரிவிக்கவில்லை. இந்த ஒரு வரி போதும்மா. உண்மைதானே?"

உண்மைதான். அதுதான் சிக்கல். பொய் சொல்லச் சொன்னால் மறுப்பது சுலபம், நமக்கு வளர்ப்பு அப்படி. உண்மையிலேயே ஒரு துண்டை வெட்டிக் கொடுத்து இது போதும் என்றால்தான் கை தடுமாறும். அந்த வரியில் எழுத்துப் பிழை கூட இல்லை. மறைத்தது கருப்பையா என்று முடித்துவிடலாம். ஏன் மறைத்தார் என்பது அதில் இருக்காது.

"பத்து நிமிஷம் குடுங்க சார்" என்று வெளியே வந்தேன். அறிக்கைத் தாளின் பின்பக்கம் பட்டியல் போட்டேன். ஒன்று: ஆட்டோ விஷயம் நெறிமுறைக் குழுவுக்கோ ஆய்வை நடத்தும் நிறுவனத்துக்கோ தெரியாது. இரண்டு: தெரிந்தால் பரிசோதனை நிற்கும், என் வேலையும் போகலாம். மூன்று: கருப்பையாவுக்குச் சிகிச்சை நடந்துவிட்டது, இனி எழுதுவதால் விரல் முளைக்காது. நான்கு: மற்றவர்கள்.

நான்காவதில் பேனா நின்றது. பதிவேட்டைத் திறந்து, கண்ணை மூடி ஐந்து பேரைத் தொட்டு, போன் செய்தேன்.

திரும்பிப் போனபோது டாக்டர் காபி குடித்துக்கொண்டிருந்தார்.

"அஞ்சு பேர்கிட்ட ஏன் சேந்தீங்கன்னு கேட்டேன் சார். நாலு பேரு பரிசு விழுந்துச்சுன்னு சொல்றாங்க."

"அஞ்சாவது ஆளு?"

"பரிச எப்பக் கையில குடுப்பீங்கன்னு கேக்குறாரு."

அவர் காபி புரையேறச் சிரித்தார். பிறகு சிரிப்பு அடங்கி, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் எழுதி வைத்திருந்த கடிதத்தை நீட்டினேன். ஆட்டோ, அனுமதியில்லாத வாசகம், பதிவேட்டில் நான் குறித்த நோட்டீஸ் என்ற பொய், எல்லாம் எண் போட்டு. முதல் வரி, தவறு என்னுடையது.

படித்துவிட்டு அந்த முதல் வரியைச் சுழித்தார். "தியாகி பட்டம் வாங்கப் பாக்குறியா? ஆட்டோவ விடச் சொன்னது யாரு?" என்று கேட்டு, "எங்கள் இருவருடையது" என்று திருத்திக் கையெழுத்துப் போட்டார். பேனாவை மூடும்போது, "ஈசிஜி மறுபடியும் படுத்துரும்" என்றார்.

அன்று சாயங்காலம் பதிவேட்டைத் திருத்தினேன். நம் துறையில் வெள்ளை மை கிடையாது, தெரியும்தானே. தவறான சொல்லின் மேல் ஒரே ஒரு கோடு, பக்கத்தில் சரியான சொல், தேதி, கையெழுத்து. கோட்டுக்குக் கீழே பழைய சொல் படிக்கும்படி இருக்க வேண்டும். ஒவ்வொரு பக்கமாக "நோட்டீஸ்" என்பதன் மேல் கோடு இழுத்து, "மற்றவை: ஆட்டோ அறிவிப்பு, வாசகம் அனுமதி பெறாதது" என்று எழுதினேன். அந்த அரை அங்குலத்தில் அது அடங்குகிறது. நான்தான் முயற்சி செய்து பார்த்ததில்லை. ஆய்வு நிறுவனத்தின் கண்காணிப்பாளர் சென்னையிலிருந்து போன் செய்து, "மேடம், இவ்ளோ விவரமா எழுதினா எங்களுக்குக் கேள்வி வருமே" என்று வருத்தப்பட்டார். வரும் என்று ஒத்துக்கொண்டேன்.

நெறிமுறைக் குழு புதிதாக ஆள் சேர்ப்பதை நிறுத்தியது. கருப்பையாவின் சிகிச்சை முழுவதும் ஆய்வின் பொறுப்பு என்று எழுதியது. எனக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம். ஒப்படைப்புக் கோப்பில் பதினெட்டாவது உருப்படி அதன் நகல்தான். பிறகு ஏற்கெனவே சேர்ந்தவர்களைப் பற்றிப் பேச்சு வந்தது. மருத்துவம் படிக்காத உறுப்பினர் ஒருவர் அந்தக் குழுவில் கட்டாயம் இருப்பார். இவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. எல்லோருக்கும் கடிதம் அனுப்பலாம் என்று மற்றவர்கள் சொல்ல, அவர் மட்டும், "இவங்க கடிதத்தோட லட்சணத்த நாமதான் நோட்டீஸ்லயே பாத்துட்டமே. தப்பு ஆட்டோவுல போச்சு. திருத்தமும் ஆட்டோவுலயே போகட்டும்" என்றார்.

அதனால் சின்னத்துரையை மறுபடி அழைத்தேன். இம்முறை குழு அனுமதித்த வாசகம், பக்கத்தில் நான். ஒரு சொல் மாறக்கூடாது. அவருக்கு அது பெரும் சோதனையாக இருந்தது. எதைச் சொன்னாலும் அந்தக் குரலில் திறப்பு விழாவாகிவிடும். "இது பரிசு அல்ல" என்பதை அவர் சொன்னபோது அதைவிடப் பெரிய பரிசு ஏதோ வரப்போகிறது என்று தோன்றியது. ஏழு தடவை நிறுத்தினேன்.

"மேடம், கோவிச்சுக்காதீங்க. தெரியாதுன்னு சொல்றதுக்கு ஆட்டோ எதுக்கு?"

"தெரியும்னு சொன்னதுக்கு ஆட்டோ வச்சோமேண்ணே."

யோசித்தார். பிறகு தொண்டையைச் செருமி, கண்ணீர் அஞ்சலிக்கு வைத்திருக்கும் குரலை எடுத்தார். அது சரியாகப் பொருந்தியது. "இது பரிசு அல்ல. குலுக்கல் அல்ல. களிம்பில் மருந்து இருக்கிறதா என்பது உங்களுக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. ஆபரேஷன் தேவை என்று உங்கள் டாக்டர் சொல்லியிருந்தால் அதைத் தள்ளிப் போடாதீர்கள். வேறு வைத்தியம் பார்த்திருந்தால் மறைக்காதீர்கள். முன்பு சொன்னது தவறு." இரண்டு நாள் இலுப்பூரையும் திருவரங்குளத்தையும் சுற்றி வந்தார். யார் செத்தது என்று பலர் வாசலுக்கு வந்து கேட்டிருக்கிறார்கள்.

எல்லோரையும் கூடத்துக்கு வரச் சொல்லி, இரண்டு பதிவையும் அடுத்தடுத்துப் போட்டுக் காட்டினோம். முதலாவதற்குச் சிரித்தார்கள். இரண்டாவது முடிந்ததும் லட்டுக்காரர் எழுந்து நின்று, "அப்ப எங்க ஊருல நான் என்ன சொல்றது?" என்று கேட்டார். அவர் உட்காருவதற்குள் ஓர் அம்மா, திருவரங்குளத்துக்காரர், விரலை நீட்டினார்.

"எனக்கு விழுந்துச்சா இல்லியா, அத மட்டும் சொல்லு."

"எனக்குத் தெரியாதும்மா."

"பெரிய டாக்டருக்கு?"

"அவருக்கும் தெரியாது."

"தெரிஞ்சுக்கிட்டே மறைக்கலையே?"

"இல்லம்மா."

"அப்பச் சரி. கட்டு ஒழுங்காப் போடுறீக. நான் இருந்துட்டுப் போறேன்." பக்கத்திலிருந்தவரிடம் திரும்பி, "டாக்டருக்கே தெரியலையாம்டி" என்று மிகுந்த திருப்தியோடு சொன்னார்.

இந்த இடத்தில் எல்லோரும் தங்கிவிட்டார்கள் என்று எழுத ஆசைதான். பாதிப் பேர் போய்விட்டார்கள். போனவர்களில் இரண்டு பேர் வேறு ஆஸ்பத்திரி ஃபைல்களைப் பையிலிருந்து எடுத்துக் காட்டிவிட்டுப் போனார்கள், அதில் ஒன்றில் ஆபரேஷன் நாள் இன்னும் வரவில்லை. அந்த நாளுக்கு முன்பே அவர் அங்கே போய் அட்மிட் ஆகிவிட்டார். திங்கட்கிழமைக் கூட்டத்தில் நம் கோடு இறங்கியபோது யாரும் உத்தி கேட்கவில்லை. ஆனால் அந்த ஆய்வின் இறுதி அறிக்கையில், எத்தனை பேரைக் கேட்டோம், எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் விலகினார்கள் என்று கட்டம் போட்ட படத்துக்கு அடியில், பொடி எழுத்தில் ஓர் அடிக்குறிப்பு இருக்கிறது. ஓர் இடத்தில் அனுமதியில்லாத அறிவிப்பின் காரணமாகப் பங்கேற்பாளர்களிடம் மறுபடி ஒப்புதல் பெறப்பட்டது என்று. ஊர் பெயர் இல்லை. என் ஆறு வருஷத்தில் அச்சில் வந்தது அந்த ஒரு வரிதான்.

கடைசியாகக் கருப்பையா. விலகுபவர்களிடம் கேட்டு ஒரு படிவம் நிரப்ப வேண்டும். அவரால் வர முடியாததால் நான் இலுப்பூர் போனேன். காலில் பெரிய கட்டு. விசாக் காலம் முடிந்திருந்தது. மீனாள் டீ கொடுத்தார், என் முகத்தைப் பார்க்காமல்.

"விலகக் காரணம்னு கேட்டுருக்குண்ணே. பக்க விளைவு, ஊர் மாற்றம், சொந்த விருப்பம், மற்றவை. எதப் போடட்டும்?"

"பொய் சொல்லிச் சேந்தான்னு போட்டுக்கங்க. அதானே நடந்துச்சு."

"அதுக்குக் கட்டம் இல்லண்ணே."

"மத்ததுல?"

"மத்ததுல எழுதலாம். ஆனா நீங்க சொல்றது பாதிதான்."

"அப்ப இப்படி எழுதுங்க. ஆபரேஷன் இல்லைன்னு ஆட்டோவுல சொன்னாக. ஆஸ்பத்திரிக்காரவுகளே சொல்றாகளேன்னு நம்புனேன். வெரலு போயிருமோன்னு பயந்து திருச்சி ஃபைல மறைச்சேன். ரெண்டு வெரலு போச்சு." நிறுத்திவிட்டு, "நீளமாப் போயிருச்சோ?" என்றார்.

எழுதி முடித்து அவருக்குப் படித்துக் காட்டினேன். ஒரு இடத்தில் திருத்தினார்: ஆட்டோவில் சொன்னார்கள் என்பதை, ஆஸ்பத்திரி ஆட்டோவில் சொன்னார்கள் என்று மாற்றச் சொன்னார். மாற்றினேன், ஒரே கோடு போட்டு. கையெழுத்துப் போட்டுவிட்டு, "மூணாம் பக்கம்னு ஏதும் இல்லியே இதுல?" என்று கேட்டார். இல்லை என்றேன்.

உங்களுக்கும் அந்தப் படிவம் வரும். மற்றவை என்ற கட்டத்துக்குப் பக்கத்தில் அரை அங்குலம்தான் இருக்கும். போதாவிட்டால் தாளைத் திருப்பி எழுதுங்கள். நான் அப்படித்தான் எழுதினேன். பின்பக்கம் முழுவதும் காலியாகத்தான் விட்டிருக்கிறார்கள்.